பூனையின் வயிற்றில் புழு: எதுவென்று கண்டுபிடிப்பது, மருந்து கொடுப்பது, திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது

பூனை படுத்திருந்த துணியை உதறினால் காய்ந்த அரிசி போல இரண்டு மூன்று விழும். இட்லிக்கு ஊறப்போட்டபோது சிந்தியிருக்கும் என்று கூட்டித் தள்ளிவிடுவோம். இன்னொரு நாள் அதே அரிசி பூனையின் வாலுக்கடியில் ஒட்டிக்கொண்டு மெல்ல நீண்டு சுருங்கும். அது அரிசி இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. மருந்துக்கடைக்கு ஓடிப்போய்ப் பூனைக்கான புழு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நான்காவது வாரம் மறுபடியும் அரிசி. மாத்திரைதான் சரியில்லை என்று நினைத்து வேறொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே ஆனது. மாத்திரைகள் இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கின்றன. பூனையின் ரோமத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த தெள்ளுப்பூச்சியை நான்தான் கவனிக்கவில்லை. அந்தப் புழு தெள்ளுப்பூச்சி வழியாகவே வருகிறது என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது.

புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என்ன புழு, எந்த வழியாக உள்ளே வந்தது என்ற இரண்டும் தெரிந்தால்தான் மருந்துக்கு முழுப் பலன். மருந்து இன்று வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்லும். நாளை வரப்போகும் புழுவை அது தடுக்காது.

முதலில், எந்தப் புழு?

நம் ஊர்ப் பூனைகளின் குடலில் பொதுவாகக் காணப்படுபவை உருண்டைப்புழு, நாடாப்புழு, கொக்கிப்புழு என்னும் மூன்று வகைகள்.

உருண்டைப்புழுவைக் கண்ணால் பார்த்தால் தவறவிட முடியாது. வெந்த சேமியா போல வெள்ளையாகவோ இலேசான மஞ்சளாகவோ, இரண்டு முனையும் கூராக இருக்கும். நீளம் 3 முதல் 10 செ.மீ. வரை. குட்டி வாந்தி எடுக்கும்போது சுருண்டு வெளியே வருவது பெரும்பாலும் இதுதான். இதில் குட்டி வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தாய்ப்பூனையின் உடல் தசைகளில் இந்தப் புழுவின் இளம்புழுக்கள் அசையாமல் தங்கியிருக்கும். பிரசவ நேரத்தில் அவை விழித்து, பால் வழியாகக் குட்டிகளுக்குப் போய்விடும். நாய்க்குட்டிகளுக்குக் கருவிலேயே புழு வருவதுண்டு. பூனைக்குட்டிகளுக்குப் பாலில்தான் வருகிறது. ஆகவே, "பிறந்ததிலிருந்து வெளியே விட்டதே இல்லை, இதற்கு எப்படிப் புழு வரும்?" என்று கேட்டால், தாயிடமிருந்துதான். தெருவில் எடுத்த குட்டியானாலும் வீட்டிலேயே பிறந்த குட்டியானாலும் புழு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நாடாப்புழு அரை மீட்டர் வரைகூட வளரும். ஆனால் முழுப் புழுவை நாம் பார்ப்பது அரிது. அதன் வால்பகுதியிலிருந்து துண்டு துண்டாகக் கழன்று விழுவதுதான் அந்த அரிசி. புதிதாக விழுந்த துண்டு அசையும், வெள்ளரி விதையின் வடிவத்தில் இருக்கும். காய்ந்தபின் அரிசி அல்லது எள் போலச் சுருங்கிவிடும். பூனைக்கு இது வரும் வழிகள் முக்கியமாக இரண்டு. உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்குவது ஒன்று, எலியைப் பிடித்துத் தின்பது மற்றொன்று. அரிசி மாதிரி எதையாவது பார்த்தால் உடனே ரோமத்தில் தெள்ளு இருக்கிறதா என்று பாருங்கள்.

கொக்கிப்புழு ஒரு செ.மீ. அளவுதான் இருக்கும். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு கிடப்பதால் மலத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்றில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் இது குடிப்பது இரத்தம். அரை கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் இரத்தம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? சில நாட்களிலேயே குட்டி வெளிறிப்போகும். ஈரமும் சூடும் உள்ள மண் இதற்கு மிகவும் ஏற்றது. மண்ணில் விழுந்த முட்டை பொரித்து ஒரு வாரத்துக்குள்ளேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். வாய் வழியாக மட்டுமல்ல, பாதத்தின் தோலைத் துளைத்தும் உள்ளே போகும். நாய், பூனை, மனிதர் மூவரின் குடலிலும் வாழக்கூடிய கொக்கிப்புழு ஒன்றுக்கு அறிவியல் பெயரிலேயே 'சிலானிக்கம்' என்று இருக்கிறது. இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடம் கண்டெடுத்ததை வைத்து 1911-இல் லூஸ் என்ற ஆய்வாளர் அதை விவரித்தார், ஊர்ப் பெயரே புழுவுக்கும் அமைந்தது. இந்தப் பக்கத்து ஈர மண்ணுக்குச் சொந்தமான புழு அது.

பூனையைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது

நன்றாக வளர்ந்த பூனைக்குள் புழு இருந்தும் வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். ஆகவே "மலத்தில் ஒன்றும் இல்லையே" என்று இருந்துவிடக் கூடாது. வாரம் ஒருமுறை மடியில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வயிற்றைப் பாருங்கள். குட்டி சாப்பிட்டவுடன் வயிறு உப்புவது இயல்பு. சாப்பிட்டு நான்கு மணி நேரம் ஆன பிறகும் வயிறு பானை போல இருந்து, முதுகெலும்பு மட்டும் கையில் தட்டுப்பட்டால் அது புழு வயிறாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியோ வெள்ளைத்தாள் போலவோ இருந்தால் அது இரத்தசோகை, மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். சில பூனைகளுக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வாலைத் தூக்கி ஆசனவாயைச் சுற்றி அரிசி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்தையும் பாருங்கள், துண்டுகள் அங்கேதான் அதிகம் கிடைக்கும்.

மலத்தின் நிறமும் ஒரு தடயம். தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக இருந்தால் குடலில் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள், கொக்கிப்புழுவை நினைக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாதது, ரோமம் பொலிவிழந்து குச்சி குச்சியாக நிற்பது, விட்டு விட்டு வரும் வயிற்றுப்போக்கு ஆகியவையும் புழுவின் அறிகுறிகள்தான், ஆனால் புழுவுக்கு மட்டுமே உரியவை அல்ல.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். குட்டி சோர்ந்து படுத்து, எதையும் சாப்பிடாமல், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, உடம்பு சுட்டால் அதைப் புழு என்று நினைத்து மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் அப்படித்தான் தொடங்கும். தடுப்பூசி போடாத குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடும். "புழு மாத்திரை கொடுத்தோம், மறுநாளே செத்துவிட்டது" என்று சிலர் மாத்திரையைக் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குட்டிகளில் பலவற்றுக்கு மாத்திரைக்கு முன்பே வேறு நோய் இருந்திருக்கும். அதேபோல ஜியார்டியா, காக்சிடியா என்னும் ஒற்றைச் செல் உயிரிகளாலும் குட்டிகளுக்கு நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கு வரும். அவை புழுக்களே அல்ல. வழக்கமான புழு மாத்திரை அவற்றைத் தொடாது.

மலப் பரிசோதனை

இது செலவு அதிகமில்லாத, ஆனால் நம்மில் பலர் செய்யாமல் விடும் வேலை. அன்று காலை போன மலத்தில் கட்டைவிரல் நுனி அளவு எடுத்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மாதிரி டப்பா போதும். மணல் ஒட்டியிருந்தால் மேலாகத் தட்டிவிடுங்கள். சில மணி நேரத்துக்குள் கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உணவுப் பொருட்களைத் தொடாமல் இரண்டு உறைக்குள் போட்டு வையுங்கள். உறைய வைக்கக் கூடாது. அரிசித் துண்டு கிடைத்திருந்தால் அதையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

மருத்துவர் உப்புக்கரைசலில் மலத்தைக் கலக்கி, மேலே மிதந்து வரும் முட்டைகளை நுண்ணோக்கியில் பார்ப்பார். உருண்டைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இதில் நன்றாகத் தெரியும். தெள்ளு வழியாக வரும் நாடாப்புழுவின் முட்டை பல சமயம் தெரியாமலே போகும், அதற்கு நீங்கள் பார்த்த அரிசியே சாட்சி. இளம்புழுக்கள் இன்னும் முட்டையிடும் வயதுக்கு வராதிருந்தாலும் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ஆகவே ஒருமுறை 'இல்லை' என்று வந்தால் புழுவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

தனியார் மருத்துவமனைதான் என்றில்லை. தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகங்களில் பூனையையும் பார்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

மருந்துக்கு முன், எடை

புழு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கண்ணால் பார்த்து "ஒரு கிலோ இருக்கும்" என்று சொல்வதில் பெரிய தவறு வந்துவிடும். குட்டியைச் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார வைத்து எடை போடுங்கள். பெரிய பூனையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எடை பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள், வித்தியாசம்தான் பூனையின் எடை.

மருந்துகளில் முக்கியமான சில பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால், அட்டையைத் திருப்பிப் பார்த்து நீங்களே புரிந்துகொள்ளலாம். பைரன்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் வேலை செய்யும், நாடாப்புழுவைத் தொடாது. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல். பூனைக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் இந்த இரண்டும் சேர்ந்திருக்கும். 20 மி.கி. பிராசிகுவான்டலும் 230 மி.கி. பைரன்டெல் எம்போனேட்டும் உள்ள மாத்திரை 4 கிலோ பூனைக்கு ஒன்று என்ற கணக்கில் செய்தது, 2 கிலோ பூனைக்குப் பாதி. சிறு குட்டிகளுக்கு மாத்திரையை உடைத்து அளவு பார்ப்பதைவிடத் திரவ மருந்துதான் நல்லது. அதையும் மருத்துவர் சொல்லும் அளவில், ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொடுங்கள். ஃபென்பென்டசோல் கொடுக்கச் சொன்னால் அது ஒரு நாளோடு முடியாது. மூன்று முதல் ஐந்து நாள் வரை தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும், இடையில் நிறுத்தக் கூடாது. அது தெள்ளுவழி நாடாப்புழுவைக் கொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாயைத் திறக்கவே விடாத பூனைக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. செலாமெக்டின் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, தெள்ளு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நாடாப்புழுவுக்கு மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். சொட்டு மருந்தைப் பிடரியில் நாக்கு எட்டாத இடத்தில் ரோமத்தை விலக்கித் தோலின் மேல் விடுங்கள்.

கருவுற்ற பூனை, மூன்று நான்கு வாரக் குட்டி, ஏற்கெனவே நோயில் இருக்கும் பூனை ஆகியவற்றுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

கொடுக்கவே கூடாதவை

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 10 தேசிய குடற்புழு நீக்க நாள். பள்ளிகளில், அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்கு 400 மி.கி. அல்பென்டசோல் மாத்திரை கொடுப்பார்கள். அதே பூச்சி மாத்திரை எல்லார் வீட்டு மருந்துப் பெட்டியிலும் கிடக்கும். அதில் கால்வாசியை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். அல்பென்டசோல் கொடுத்த பிறகு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, இரத்த அணுக்கள் குறைந்துபோன பூனைகள் உண்டு. பாதுகாப்பான மருந்து கிடைக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

நாய்க்கு வாங்கிய புழு மாத்திரையைப் பங்கு போடுவதும் கூடாது. நாயின் தெள்ளு மருந்து இன்னும் மோசம். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது விஷம். நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். நாய்க்குச் சொட்டு மருந்து விட்ட அன்று பூனை அதை நக்கினாலும், ஒட்டிப் படுத்தாலும் ஆபத்துதான். இரண்டும் வளரும் வீட்டில் நாய்க்கு மருந்து வாங்கும்போதே "வீட்டில் பூனை இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

கை வைத்தியத்தில் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் பூனையின் உடம்பு நம் உடம்பு இல்லை. பூண்டு பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கொக்கிப்புழுவால் ஏற்கெனவே இரத்தம் இழந்த குட்டிக்குப் பூண்டுச்சாறு கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேப்பெண்ணெயும் வேண்டாம். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் இருக்கிறது. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து, புரண்டு கிறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அது வாசனைக்கு மயங்குவது, புழுவுக்கு மருந்து அல்ல. அருகம்புல்லைத் தின்று பூனை வாந்தி எடுக்கும்போது ஒன்றிரண்டு புழு வெளியே வரலாம். உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும்.

மாத்திரை கொடுக்கும் முறை

பிராசிகுவான்டல் கடுங்கசப்பு. நொறுக்கி மீன் குழம்பில் கலந்தால் பல பூனைகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும், நாக்கில் பட்டால் வாயில் நுரை தள்ளும். நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கசப்பினால்தான். ஆனால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாமல் போய்விடும். எனவே மாத்திரையை முழுதாக விழுங்க வைப்பதே மேல்.

பெரிய துண்டு ஒன்றில் பூனையைக் கழுத்துவரை சுற்றிக்கொள்ளுங்கள், முன்னங்கால்கள் உள்ளே இருக்கட்டும். மடியிலோ மேசையிலோ, பூனையின் பின்பக்கம் உங்கள் வயிற்றை ஒட்டியபடி உட்கார வையுங்கள். ஒரு கையால் மேலிருந்து தலையைப் பிடித்து, கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு வாயோரங்களில் இருக்கும்படி மெல்ல முகத்தை மேல்நோக்கித் தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். மறுகையின் விரலால் கீழ்த்தாடையை இறக்கி, மாத்திரையை நாக்கின் நடுவில், எவ்வளவு பின்னால் முடியுமோ அங்கே போட்டு வாயை மூடுங்கள். தொண்டையை மெல்லத் தடவிக் கொடுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது. மாத்திரையில் துளி வெண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு சிரிஞ்சில் 3 முதல் 5 மி.லி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளலாம்.

திரவ மருந்தானால் வாயின் ஓரமாக, கன்னத்துக்குள் விடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முடிந்தவுடன் பூனைக்குப் பிடித்த ஏதாவது ஒரு வாய் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது வேகவைத்த மத்தி மீன். அடுத்த தடவை மாத்திரை அட்டையின் சத்தம் கேட்டு ஓடாமல் இருப்பதற்கு அது உதவும்.

மருந்துக்குப் பிறகு

முதல் இரண்டு நாள் மலத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். உருண்டைப்புழுக்கள் முழுதாக, சில சமயம் அசைந்துகொண்டே வரும். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் நல்ல செய்தி அதுதான். நாடாப்புழு பெரும்பாலும் குடலிலேயே செரித்துவிடுவதால் ஒன்றும் தெரியாது, அதற்காக மறுபடியும் மாத்திரை கொடுக்காதீர்கள். மலம் ஒருநாள் இளகிப்போகலாம். ஆனால் வாந்தி நிற்காமல் இருந்தால், வயிறு கல் போல இறுகினால், குட்டி எழுந்திருக்காமல் கிடந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புழுக்கள் மிக அதிகமாக இருந்த குட்டிகளுக்கு அவை கொத்தாகச் சேர்ந்து குடலை அடைத்துவிடுவதுண்டு.

குட்டிகளுக்கு ஒரு தவணை போதாது. மாத்திரை குடலில் இருக்கும் புழுக்களை வெளியேற்றும், உடம்பின் மற்ற பாகங்களில் வளர்ந்துகொண்டிருக்கும் இளம்புழுக்களுக்கு அது எட்டாது. அவை சில நாட்களில் குடலுக்கு வந்து சேரும். ஆகவே மூன்று வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாய்ப்பால் மறந்து இரண்டு வாரம் ஆகும்வரை கொடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. பால் கொடுக்கும் தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும். தாயை விட்டுவிட்டுக் குட்டிக்கு மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. வெளியே போய்வரும் பெரிய பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எலி பிடித்துக் கொண்டுவரும் பூனைக்கு இன்னும் அடிக்கடி. வீட்டைவிட்டு வெளியே போகாத, பச்சைக்கறி தின்னாத பூனைக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். வீட்டில் நான்கு பூனை இருந்தால் நான்குக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

வந்த வழியை அடைப்பது

நான் தோற்ற இடம் இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க, பல் நெருக்கமான சீப்பால் பூனையின் முதுகில், வாலுக்கு அருகே வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத்தாளில் தட்டுங்கள். சுற்றிலும் செம்பழுப்பு நிறம் பரவினால் அது அழுக்கு இல்லை, தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.

பூனையின் மேல் நீங்கள் பார்ப்பது தெள்ளுக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான். முட்டைகள் உதிர்ந்து மெத்தை, சோபா இடுக்கு, கால்மிதி எல்லாவற்றிலும் கிடக்கும். அவற்றிலிருந்து வரும் தெள்ளுப்புழு, அங்கே விழுந்து கிடக்கும் நாடாப்புழு முட்டையையும் தின்று வளரும். வளர்ந்து தெள்ளாகிப் பூனைமேல் ஏறும், பூனை நக்கி விழுங்கும், மூன்று வாரத்தில் மறுபடி அரிசி. அந்த நான்காவது வாரக் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆகவே பூனைக்குரிய தெள்ளு மருந்தை எடைக்கும் வயதுக்கும் ஏற்ப விடுங்கள். ஒருமுறை விட்டு நிறுத்தாமல் மூன்று மாதமாவது தொடருங்கள், ஏனென்றால் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு பல வாரம் காத்திருந்து வெளியே வரும். அதே நாட்களில் பூனை படுக்கும் துணிகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போடுங்கள். சோபாவின் இடுக்குகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள்.

மணல் தொட்டியில் மலத்தைத் தினமும் அள்ளுங்கள். உருண்டைப்புழு முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது, அதற்குள் இளம்புழு வளர இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். தினமும் அள்ளினால் அந்த அவகாசம் அதற்குக் கிடைக்காது. ஆனால் மண்ணில் விட்டுவிட்டால் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ அந்த முட்டையின் ஓட்டை எளிதில் ஊடுருவாது. வாரம் ஒருமுறை மணலை முழுவதும் மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அள்ளிய மலத்தை எரு என்று நினைத்துக் கீரைத் தொட்டியில் போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், தோட்டத்து மண் காயவே காயாது. கொக்கிப்புழுவுக்கு ஏற்ற நாட்கள் அவை. முடிந்தவரை பூனையை உள்ளே வைத்திருங்கள்.

மீனோ கோழியோ வேகவைத்துக் கொடுங்கள். எலியையும் தவளையையும் பிடிக்காமல் தடுப்பது கடினம், ஆனால் வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கும் பூனை தின்பதாவது குறையும். பல்லி தின்னும் பூனைக்கு ஈரலின் பித்தக்குழாயில் ஒருவகைத் தட்டைப்புழு வரலாம். கண்ணும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்தால் அது சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படாது, மருத்துவரிடம் பல்லியைப் பற்றிச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

குழந்தைக்கு இரவில் ஆசனவாய் அரித்தால் பாட்டி உடனே பூனையைத்தான் பார்ப்பார். அந்த அரிப்புக்குக் காரணமான நூற்புழு மனிதர்களிடம் மட்டுமே வாழும், பூனையிடமிருந்து வராது. இதைச் சொல்லி வீட்டைவிட்டுத் துரத்தப்பட இருந்த பூனைகளைக் காப்பாற்றியிருக்கிறேன்.

பூனையிடமிருந்து வரக்கூடியவையும் உண்டு. உருண்டைப்புழு முட்டை கலந்த மண் வாய்க்குள் போனால், இளம்புழு மனித உடலுக்குள் அலைந்து ஈரலையோ கண்ணையோ பாதிக்கலாம். மண்ணில் விளையாடிவிட்டு விரல் சூப்பும் சிறு குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலில் ஏறினால் தோலில் வளைந்து வளைந்து சிவந்த கோடு ஓடும், கடுமையாக அரிக்கும். இரண்டுக்கும் தடுப்பு எளிது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, குழந்தைகள் விளையாடும் மணலை மூடி வைப்பது, தோட்டத்தில் செருப்புப் போட்டு நடப்பது. கர்ப்பிணிகளை எல்லாரும் பயமுறுத்தும் டாக்ஸோபிளாஸ்மா புழு அல்ல, வேறொரு நுண்ணுயிர். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், மணல் தொட்டியை வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். அதற்காகப் பூனையை வெளியேற்ற வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. மாத்திரை கொடுத்த அன்றே சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் தேதி, பூனையின் எடை, மருந்தின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். அடுத்த தவணை விழும் நாளையும் குட்டியானால் இரண்டு வாரம் தள்ளி, பெரிய பூனையானால் மூன்று மாதம் தள்ளி அப்போதே வட்டமிட்டு வையுங்கள். தடுப்பூசி போட வேண்டிய குட்டியானால், ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே புழு மருந்து கொடுத்து முடித்துவிட்டு அந்தத் தேதிகளோடு மருத்துவரிடம் போங்கள். அவர் முதலில் கேட்கப் போகும் கேள்வி அதுதான்.